ரசனை கெட்டவனைக் கிரேக்கர்கள் எப்படியெல்லாம் திட்டினார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிரேக்க நாடகங்களையும் உரைநடையையும் மொழிபெயர்ப்பில் சேர்ந்து படிக்கும் ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். யார் புதிதாக வந்தாலும் நாலாவது பக்கத்துக்குள் இந்தத் திட்டு வார்த்தைகளில் ஒன்றில் முட்டிக்கொள்வார்கள், உடனே அதே சந்தேகங்கள் வரும். ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ரசனை இல்லாதவன்னு சொல்ல கிரேக்கத்தில் என்ன வார்த்தை?

ஒரு வார்த்தை கிடையாது, சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏழெட்டு வார்த்தைகள் புழக்கத்தில் இருந்தன, பலவும் ஆளை ஏதாவது ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தித்தான் திட்டும். வயலில் நிறுத்தினால் அக்ரொய்கோஸ், பட்டறையில் நிறுத்தினால் பனௌசோஸ், சந்தையில் நிறுத்தினால் அகோராயோஸ், பலிபீடத்துப் பக்கம் பதுங்கிக்கொண்டிருந்தால் போமோலோக்கோஸ். இடம் இல்லாதவையும் உண்டு: இடது கைக்காரன் ஸ்காயோஸ், மூட்டை மாதிரி கனக்கிறவன் ஃபோர்த்திகோஸ், கலைத் தேவதைகள் எட்டிப் பார்க்காதவன் அமூசோஸ். நல்ல அழகான பொருட்களோடு பழகியே இராத குறைக்கு அப்பெய்ரோக்கலியா என்று பெயர்.

இவற்றில் பெரும்பாலானவை உழைத்துச் சாப்பிடுகிறவனைக் குறிவைத்தவை. எழுதியவர்கள் பெரும்பாலும் ஓய்வு நேரம் உள்ள வசதியான ஆண்கள். அதை மறந்துவிட்டுப் படித்தால் ஏதோ அழகியல் விவாதம் மாதிரித் தெரியும். விதிவிலக்காக ஒன்றிரண்டு வார்த்தைகள் பணக்காரனைப் பிடித்து உலுக்குகின்றன, எனக்குப் பிடித்தவை அவைதான், பின்னால் வருகின்றன.

இதையெல்லாம் எப்படி உச்சரிப்பது?

இங்கே எழுதியிருக்கும்படி வாசித்தால் போதும். பண்டைய உச்சரிப்புக்கு ஓரளவு கிட்டே வரும். இன்றைய கிரேக்கர்கள் இதே எழுத்துகளை வேறு மாதிரி வாசிப்பார்கள், அதனால் கிரேக்க நண்பரிடம் சொல்லிப் பார்த்து அவர் முழித்தால் கவலைப்படாதீர்கள்.

அக்ரொய்கோஸ்னா நம்ம "பட்டிக்காட்டான்" தானே?

ஆமாம், ஏறக்குறைய அதேதான். அக்ரோஸ் என்றால் வயல், ஒய்கோஸ் என்றால் வீடு. வயல்வெளியில் குடியிருப்பவன். அதற்கு நேர் எதிர் அஸ்தெய்யோஸ், அதாவது அஸ்து என்கிற நகரத்துக்காரன். நகரத்தான் என்பதே நயமானவன், பேச்சில் சாமர்த்தியமானவன் என்று பொருள் விரிந்துவிட்டது.

இந்த ஆளை நேரில் பார்க்க வேண்டுமென்றால் தியோஃபிராஸ்டஸிடம் போக வேண்டும். அரிஸ்டாட்டிலின் மாணவர், அவருக்குப் பின் அந்தப் பள்ளியை நடத்தியவர், 'குணச்சித்திரங்கள்' என்று 30 சின்னச் சின்ன ஆள் வர்ணனைகள் எழுதியவர். அவருடைய அக்ரொய்கோஸ் மக்கள் சபைக்குப் புறப்படும் முன் வாற்கோதுமையும் மூலிகையும் கலந்த கூழைக் குடித்துவிட்டுப் போவான், வாசனைத் தைலமெல்லாம் தைம் மூலிகையைவிட ஒன்றும் பெரிதாக மணக்கவில்லை என்பான். காலைவிடப் பெரிய செருப்பு போட்டிருப்பான். சத்தமாகப் பேசுவான். மேலாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிவிட்டு, தெரியக்கூடாதது தெரிய உட்காருவான். தெருவில் எதைப் பார்த்தும் வாய் பிளக்க மாட்டான், ஆனால் ஒரு மாடோ கழுதையோ ஆடோ போனால் நின்று ரசிப்பான். கதவு தட்டினால் தானே போய்த் திறப்பான், நாயைக் கூப்பிட்டு மூஞ்சியைப் பிடித்துக்கொண்டு "இவன்தான் நிலத்தையும் வீட்டையும் காக்கிறான்" என்று வந்தவரிடம் சொல்வான். கலப்பையோ கூடையோ அரிவாளோ சாக்கோ இரவல் கொடுத்திருந்தால் ராத்திரி தூக்கம் வராமல் ஞாபகம் வந்து, எழுந்து போய்க் கேட்பான். பொதுக் குளியலறையில் பாட்டு வேறு.

இதில் எது குற்றம் என்று யோசித்துப் பாருங்கள். கூழ் குடித்ததா? நாயைக் கொண்டாடியதா? ஒன்றுமே இல்லை. ஊர்க்காரன் தன் ஊரில் செய்தால் சாதாரணமான காரியங்கள், நகரத்துக்குள் நுழைந்ததும் குற்றமாகிவிடுகின்றன. தியோஃபிராஸ்டஸுக்கு அவன்மேல் கொஞ்சம் பிரியமும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. வெறுப்பு மட்டும் இருந்தால் அந்த நாயின் மூஞ்சி வரை பார்த்து எழுத வராது.

அப்போ ஏதென்ஸ்காரங்க கிராமத்து ஆளுங்களை எல்லாம் கேவலமா நினைச்சாங்களா? பாதிப் பேர் விவசாயிங்கதானே?

பாதிக்கும் மேலேயே. கி.மு. 431-இல் ஸ்பார்ட்டாவோடு போர் மூண்டு எல்லோரும் மதிலுக்குள் வரவேண்டிய நிலை வந்தபோது, பெரும்பாலான ஏதெனியர்கள் அதுவரை நாட்டுப்புறத்திலேயே வாழ்ந்து பழகியிருந்ததால் வீட்டை விட்டு வர மனமில்லாமல் வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். ஆக, நாடகம் பார்க்க உட்கார்ந்திருந்த கூட்டத்தில் கணிசமானவர்களே அக்ரொய்கோஸ்தான்.

அதனால்தான் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் கைக்குள் இந்த வார்த்தை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. கி.மு. 423-இல் வந்த 'மேகங்கள்' நாடகத்தில் ஸ்ட்ரெப்சியாதீஸ் என்கிற கிழவர் தன் கல்யாணத்தை நினைத்துப் புலம்புவார். கிராமத்தில் பெருக்காமல் கொள்ளாமல், நினைத்த இடத்தில் படுத்துக்கொண்டு, தேனீயும் ஆடும் ஒலிவப் பிண்ணாக்குமாக நிம்மதியாக இருந்தவருக்குப் பெரிய வீட்டு நகரத்துப் பெண்ணைக் கட்டிவைத்துவிட்டார்கள். முதலிரவில் அவர்மேல் புது மதுவும் அத்திப்பழத் தட்டும் ஆட்டு ரோமமும் நாறுகிறது, அவள்மேல் தைலமும் குங்குமப்பூவும் செலவும் மணக்கிறது. ஆமாம், "செலவு" மணக்கிறது என்றே வருகிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று சொல்ல முடியாத இடம். அதே ஆள் சாக்ரடீஸிடம் பாடம் படிக்கப் போனால், இப்படி ஒரு அக்ரொய்கோஸை, ஸ்காயோஸை, மறதிக்காரனை எங்கேயும் கண்டதில்லை என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஸ்காயோஸ் = இடது கை. இது எப்படி வசவாச்சு?

வலது என்பதற்கான தெக்சியோஸ் சாமர்த்தியசாலி என்று பொருள் தந்தது, அதனால் இடது கோணல்மாணலுக்குப் போய்விட்டது. தடவித் தடுமாறுகிறவன், எங்கே என்ன பேசுவது என்று தெரியாதவன். சகுனத்தில் இடப்பக்கத்துக்கு இருந்த கெட்ட பெயரும் சேர்ந்துகொண்டது.

நல்ல உதாரணம் அரிஸ்டோஃபனீஸின் 'குளவிகள்' நாடகம், கி.மு. 422. மகன் அப்பாவை மேல்தட்டு விருந்துக்குத் தயார் செய்கிறான்: இப்படிச் சாய்ந்து படு, கூரையைப் பார்த்துப் பாராட்டு, பெரிய மனிதர்கள் முன்னால் ஏதாவது கதை சொல். அப்பா ஆரம்பிக்கிறார், "ஒரு ஊர்ல ஒரு எலியும் ஒரு மரநாயும்...". மகன் பாய்கிறான்: "ஏ ஸ்காயே, படிப்பறிவில்லாதவனே – இப்படித்தான் தியோகெனீஸ் சாணி அள்ளுகிறவனைத் திட்டினார் – மனிதர்கள் இருக்கும் இடத்தில் எலிக்கதையா?" அந்த "சாணி அள்ளுகிறவன்" என்ற செருகலைக் கவனியுங்கள். சாணி அள்ளுகிறவனைப் பார்த்துப் பண்பில்லாதவன் என்று திட்டுகிற ஆள்தான் பெரிய மனிதனாம். வசவு யார் வாயிலிருந்து வருகிறது என்பதையே கேலியாக்கிவிடுகிறார்.

பனௌசோஸ்ங்கிறது தொழிலாளியா, நாகரிகம் இல்லாதவனா?

முதலில் தொழிலாளி, அப்புறம் இரண்டும். உலை மூட்டி உட்கார்ந்து வேலை செய்கிறவன் என்றுதான் பழைய இலக்கணக்காரர்கள் வார்த்தையைப் பிரித்தார்கள்: கொல்லன், குயவன், தோல் வேலை செய்கிறவன். சாக்ரடீஸின் மாணவர் ஸெனஃபோன், சாக்ரடீஸ் வாயில் வைத்துச் சொல்லும் காரணம் இது: இந்தத் தொழில்கள் ஆளை நாள் முழுக்க நிழலில், நெருப்புப் பக்கத்தில் உட்கார வைத்து உடம்பைக் கெடுக்கின்றன, உடம்பு கெட்டால் மனசும் கெடும், நண்பர்களுக்கும் ஊருக்கும் கொடுக்க நேரம் இருக்காது, ஆகவே சில ஊர்களில் குடிமகன் இந்த வேலையே செய்யக்கூடாது.

அதாவது, உனக்கு நேரமில்லை, ஆகவே உனக்குப் பண்பில்லை. நேரம் ஏன் இல்லை என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. எல்லா ஊரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைத்தொழிலாளியை ரொம்பக் கேவலமாகப் பார்த்தவர்கள் ஸ்பார்ட்டாக்காரர்கள், ரொம்பக் குறைவாகக் கேவலப்படுத்தியவர்கள் கொரிந்துக்காரர்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் குறித்திருக்கிறார். கொரிந்து வியாபாரத்தில் செழித்த ஊர்.

பார்த்தெனான் சிற்பம் செய்தவங்களும் பனௌசோஸா? இதை நம்பவே முடியலை.

நம்பித்தான் ஆகணும். ஒலிம்பியாவின் ஸியூஸ் சிலையைப் பார்த்து வியக்கிற எந்த நல்ல குடும்பத்துப் பையனும் அதைச் செய்த சிற்பி ஃபெய்தியாஸ் மாதிரி நான் ஆக வேண்டும் என்று ஆசைப்பட மாட்டான் என்று வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூடார்க் சொல்கிறார். பொருளை ரசிக்கலாம், செய்தவனைப் போல் ஆக ஆசைப்படக் கூடாது. இத்தனைக்கும் புளூடார்க் எழுதியது ஃபெய்தியாஸ் செத்து ஐந்நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, அவருடைய சிலைகள் உலகப் புகழ் பெற்றிருந்த காலத்தில்.

ஆனால் செய்தவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது, இன்று மியூனிக்கில். யூதிமிதீஸ் என்கிற ஓவியர், கி.மு. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில், ஒரு பெரிய ஜாடியில் குடித்துவிட்டு ஆடும் மூன்று பேரை வரைந்தார். உடம்பை முறுக்கித் திரும்பி நிற்கும் நிலையில் வரைவது அப்போது புது வித்தை. வரைந்துவிட்டுப் பக்கத்திலேயே எழுதிவைத்தார்: "யூஃப்ரோனியோஸால் ஒருநாளும் இப்படி முடியாது". யூஃப்ரோனியோஸ் அதே ஊரில் அவருக்குப் போட்டி ஓவியர். எனக்கு ரசனை தெரியும், அதுவும் அவனைவிட நன்றாகத் தெரியும் என்று ஒரு "பனௌசோஸ்" மண்ணில் எழுதிச் சூளையில் சுட்டு வைத்திருக்கிறார்.

ஃபோர்த்திகோஸ் எங்கே பயன்படும்? அக்ரொய்கோஸுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஃபோர்தோஸ் என்றால் சுமை. ஃபோர்த்திகோஸ் என்பது கனத்துப்போன, மலிவான, கூட்டத்தைச் சிரிக்க வைக்க எதையும் செய்கிற விஷயம். அக்ரொய்கோஸ் தெரியாமல் தப்பு செய்கிறவன். ஃபோர்த்திகோஸ் கைதட்டலுக்காகத் தெரிந்தே செய்கிறவன். அதனால் இது நாடகம், நகைச்சுவை, மேடைப் பேச்சு பற்றித்தான் அதிகம் வரும்.

மேலே சொன்ன 'மேகங்கள்' போட்டியில் மூன்றாம் இடம்தான் பெற்றது. அரிஸ்டோஃபனீஸுக்கு ஆறவில்லை. நாடகத்தைத் திருத்தி எழுதும்போது நடுவில் ஒரு புலம்பலைச் சேர்த்து, "ஃபோர்த்திகோஸ் ஆட்களிடம் நான் தோற்றேன்" என்கிறார். என் நாடகத்தில் தொங்கும் தோல் உறுப்பு கிடையாது, வழுக்கைத் தலையைக் கிண்டல் செய்வது கிடையாது, தீவட்டியோடு மேடையில் பாய்வது கிடையாது, "ஐயோ ஐயோ" என்று கத்துவது கிடையாது. சரி, நாடகத்தின் முதல் வரி என்ன? "ஐயோ, ஐயோ!" கடைசிக் காட்சி? தீவட்டியை எடுத்துக்கொண்டு போய் சாக்ரடீஸின் பள்ளியைக் கொளுத்துவது.

கி.மு. 405-இல் 'தவளைகள்' தொடக்கத்திலும் இதே வித்தைதான். வேலைக்காரன் கழுதைமேல் உட்கார்ந்து தோளில் மூட்டையைச் சுமந்துகொண்டு வருகிறான், சனங்கள் எப்போதும் சிரிக்கும் அந்த ஜோக்கைச் சொல்லட்டுமா என்று கேட்கிறான். நாடகத்தின் கடவுளான தியோனிசஸ், "'நசுங்கறேன்' மட்டும் வேண்டாம், அதைக் கேட்டாலே குமட்டுகிறது" என்கிறார். அதையும் சொல்லாதே, இதையும் சொல்லாதே என்று தடுக்கும் சாக்கில் எல்லா மலிவான ஜோக்கையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த வருஷம் முதல் பரிசு.

போமோலோக்கோஸ் பத்தி அரிஸ்டாட்டில் ஏதோ சொல்லியிருக்காராமே?

பலிபீடம் போமோஸ். பலி கொடுத்த இறைச்சியில் துண்டு துணுக்கு கிடைக்குமா என்று அங்கே பதுங்கிக் கிடப்பவன் போமோலோக்கோஸ். பிச்சைக்காரப் புத்தி என்பது போய், எதையாவது சொல்லி ஒரு சிரிப்பைப் பொறுக்க அலைகிறவன் என்றானது.

அரிஸ்டாட்டில் இவனையும் அக்ரொய்கோஸையும் இரண்டு ஓரத்தில் நிறுத்துகிறார். போமோலோக்கோஸ் யார் மனசு நோகிறது என்று பார்க்காமல் சிரிப்புக்காக எதையும் சொல்வான். அக்ரொய்கோஸ் தானும் ஒரு ஜோக் சொல்ல மாட்டான், சொல்கிறவன்மேலும் கோபப்படுவான். நடுவில் இருப்பவன் யூத்ராப்பெலோஸ், இடம் பார்த்துத் திரும்பத் தெரிந்தவன். கவனிக்க வேண்டியது, தியோஃபிராஸ்டஸின் செருப்புப் பெரிய ஆளும் இந்த உம்மணாமூஞ்சியும் ஒரே பெயரில் வந்தாலும் ஒரே ஆள் இல்லை. நாட்டுப்புறத்தான் என்பது இங்கே உவமை அளவுக்குத் தேய்ந்துபோயிற்று, நகரத்திலேயே பிறந்த சிடுமூஞ்சியையும் அப்படிச் சொல்லலாம்.

அமூசோஸ்னா பாட்டு தெரியாதவனா?

அங்கிருந்துதான் ஆரம்பம். மூசா எனும் கலைத் தேவதைகளின் தொடர்பு இல்லாதவன். அவர்கள் மூசிக்கே என்றது பாட்டு, யாழ், கவிதை, ஆட்டம் எல்லாம் சேர்ந்த படிப்பை. விருந்தில் யாழ் கைமாறி வரும்போது வாசிக்கத் தெரியாதவன் மாட்டிக்கொள்வான். சலாமிஸ் போரை வென்ற தெமிஸ்டோக்ளீஸே மாட்டிக்கொண்டார். யாழைச் சுருதி சேர்க்க எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு சின்ன ஊரைப் பெரிய ஊராக்கத் தெரியும் என்று பதில் சொன்னதாக புளூடார்க் எழுதுகிறார். துன்பியல் நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் 'ஹெராக்ளீஸ்' நாடகத்தில் கிழவர்கள் சேர்ந்து பாடுவார்கள், அமூசியாவோடு (கலைத் தொடர்பே இல்லாமல்) நான் வாழாமல் இருக்க வேண்டும் என்று. வயசான காலத்தில் ஆரோக்கியமோ பணமோ கேட்காமல் அதைக் கேட்கிறார்கள்.

பெண்களை இப்படித் திட்டினது இல்லையா?

தியோஃபிராஸ்டஸின் முப்பது பேரும் ஆண்கள். ஆனால் இந்த வசவுக் குடும்பத்தின் மிகப் பழைய குரல்களில் ஒன்று பெண்ணுடையது. கி.மு. 600-ஐ ஒட்டி வாழ்ந்த கவிஞர் ஸாப்போ, "கந்தையைக் கணுக்கால் வரை இழுத்துவிடக்கூடத் தெரியாத எந்தப் பட்டிக்காட்டுப் பெண் உன் மனசை மயக்குகிறாள்?" என்று ஒருத்தியைக் கேட்கிறார். துணி எவ்வளவு தூரம் தூக்கியிருக்கிறது என்பது அப்போதே அளவுகோல்.

அவருடைய இன்னொரு துண்டுக் கவிதை இதைவிடக் கடுமை. செத்துக் கிடப்பாய், யாருக்கும் உன் ஞாபகம் இருக்காது, ஏனென்றால் பியெரியாவின் ரோஜாக்களில் உனக்குப் பங்கில்லை. பியெரியா மூசாக்கள் பிறந்த ஊர். அமூசோஸ் என்ற வார்த்தையைச் சொல்லாமலே சொல்லியாகிவிட்டது. பிற்காலத்தில் இதை மேற்கோள் காட்டியவர்களில் ஒருவர் இது பணக்காரிக்கு எழுதியது என்கிறார், இன்னொருவர் படிக்காதவளுக்கு என்கிறார்.

பணக்காரனைத் திட்ட வார்த்தையே இல்லையா?

இதுக்காகத்தான் காத்திருந்தேன். இருக்கிறது: சலாக்கோன் என்றால் பகட்டிக்கொண்டு திரிகிறவன், கூடவே அப்பெய்ரோக்கலியா. அதை நேராகப் பிரித்தால் அழகில் அனுபவமின்மை. அரிஸ்டாட்டில் 'நிக்கோமாக்கிய அறவியல்' நாலாம் புத்தகத்தில் பெரிய செலவு செய்வதைப் பற்றிப் பேசும்போது இதைக் கொண்டுவருகிறார். சரியாகச் செலவழிப்பவன் ஒருத்தன், கஞ்சத்தனத்தால் காரியத்தைக் கெடுப்பவன் ஒருத்தன், அள்ளி இறைத்தே கெடுப்பவன் ஒருத்தன். இந்த மூன்றாமவன் என்ன செய்வான்? சங்கத்து நண்பர்களுக்குச் சாதாரணச் சாப்பாடு போட வேண்டிய இடத்தில் கல்யாண விருந்தே வைப்பான். நகைச்சுவை நாடகக் குழுவுக்குச் செலவு செய்யும் முறை வந்தால் குழு உள்ளே நுழையும்போதே ஊதாத் துணியைக் கொண்டுவருவான், மெகாராக்காரர்கள் செய்வது மாதிரி. ஊதா என்றால் கடல் நத்தைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்த சாயம், ராஜா வீட்டுத் துணி. அதைச் சாயம் பூசிய முகமூடிக் கோமாளிக் கூட்டத்துக்கு! எங்கே நிறையச் செலவழிக்க வேண்டுமோ அங்கே கொஞ்சம், எங்கே கொஞ்சமோ அங்கே நிறைய. எல்லாம் தன்னிடம் பணம் இருக்கிறது என்று காட்டத்தான்.

'சொற்பொழிவியல்' நூலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பணக்காரர்கள் ஏன் பகட்டுகிறார்கள்? தாங்கள் ஆசைப்படுவதைத்தான் உலகம் முழுக்க ஆசைப்படுகிறது என்று நினைப்பதால். புதுப் பணக்காரனிடம் இதே குறைகள் அதிகமாக, மோசமாக இருக்கும், ஏனென்றால் புதிதாகப் பணக்காரன் ஆவது என்பது பணத்தில் எழுத்தறிவில்லாமல் இருப்பது போல என்கிறார். பரம்பரைப் பணக்காரர்களுக்குச் சலுகை காட்டுகிறார்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் கொல்லனையும் உழவனையும் விட்டுவிட்டு ரசனைக்கேட்டைப் பணப்பையோடு சேர்த்துக் கட்டினாரே, அதுக்காகவே இந்தப் பக்கங்கள் எனக்கு முக்கியம்.

தியோஃபிராஸ்டஸும் இந்த ஆளை விடவில்லை. அவருடைய "சின்னப் பெருமைக்காரன்" மகனுக்கு முடி வெட்ட தெல்ஃபி வரை கூட்டிப்போவான். கடனைத் திருப்பும்போது புத்தம் புது வெள்ளிக்காசாகப் பார்த்துக் கொடுப்பான். வளர்க்கும் சின்னக் காக்கைக்கு ஒரு குட்டி ஏணியும் வெண்கலக் கேடயமும் செய்து கொடுத்து ஏறி இறங்க வைப்பான். மாட்டைப் பலி கொடுத்தால் அதன் மண்டையைப் பெரிய மாலையோடு வாசலுக்கு எதிரே அடித்து வைப்பான், வருகிறவர்களுக்குத் தெரியணுமே. மெலிட்டா இனத்து நாய்க்குட்டி செத்துப்போனால் சமாதி கட்டி, கல் நட்டு, பெயர் பொறித்து வைப்பான்.

ஒரு இடத்தில் அரிஸ்டாட்டில் அந்த ஊதாத் துணிக்காரனையே பனௌசோஸ்ங்கிறாரே? அவன் பணக்காரன் ஆச்சே, குழப்பமா இருக்கு.

சரியாகப் பிடித்தீர்கள். அதே பத்தியில் பனௌசியா, அப்பெய்ரோக்கலியா இரண்டையும் ஒரே குறைக்குப் பெயராக வைக்கிறார். பட்டறைக்காரனைக் குறித்த வசவை எடுத்துப் பணக்காரன் தலையில் போடுகிறார்: காசு இருந்தாலும் நீ கொல்லன் புத்திக்காரன்தான் என்று. ஆக, பணக்காரனைத் திட்டும்போதும் அடி விழுவது என்னவோ கொல்லனுக்கும் சேர்த்துத்தான்.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் ஒரு படம் இருக்கிறது: குட்டையான வழுக்கைத் தலைக் கொல்லன் ஒருத்தன் கொஞ்சம் பணம் சேர்த்து, இப்போதுதான் அடிமை விலங்கிலிருந்து விடுபட்டு, குளித்து, புது மேலாடை போட்டு, மாப்பிள்ளைக் கோலத்தில், நொடித்துப்போன எஜமானின் மகளைக் கல்யாணம் செய்யப் போகிறான். தகுதியில்லாதவர்கள் தத்துவத்துக்குள் வருவதற்கு உவமையாம். எழுத்து அபாரம், ஆனால் இரண்டாவது தடவை படிக்கும்போது எனக்கு அந்தக் கொல்லன்மேல்தான் இரக்கம் வருகிறது.

எழுத்து நடையில் ரசனைக்கேட்டைக் குறிக்கத் தனி வார்த்தை உண்டா?

உண்டு, ப்சூக்ரோஸ், அதாவது சில்லென்று குளிர்ந்தது. உணர்ச்சி கொதிக்க வேண்டிய இடத்தில் அலங்காரம் போட்டு அணைத்துவிடுவது. அல்கிதமாஸ் என்கிற பேச்சாளர் வியர்வை என்று சொல்லாமல் "ஈரமான வியர்வை" என்பாராம். அடைமொழியை அவர் தாளிப்பாகப் போடாமல் சோறாகவே பரிமாறுகிறார் என்று அரிஸ்டாட்டில் கடிக்கிறார். "வெள்ளைப் பால்" கவிதையில் சரி, உரைநடையில் வேண்டாம் என்றும் சொல்கிறார்.

சில நூற்றாண்டு கழித்து 'உன்னதம் பற்றி' என்ற நூலை எழுதியவர் (லாஞ்சைனஸ் என்று வழக்கமாகச் சொல்கிறோம், உண்மையில் யாரென்று உறுதியில்லை) இன்னும் உதாரணம் தருகிறார். பிணந்தின்னிக் கழுகுகளை கோர்கியாஸ் என்ற பேச்சாளர் "உயிருள்ள சமாதிகள்" என்றது. தீமேயஸ் என்ற வரலாற்றாசிரியர், பேச்சுக்கலை ஆசிரியர் ஐசோக்ரடீஸ் ஒரு சொற்பொழிவை எழுத எடுத்துக்கொண்ட வருஷங்களைவிடக் குறைந்த வருஷத்தில் அலெக்சாண்டர் ஆசியாவைப் பிடித்தார் என்று புகழ்ந்தது. அப்படியென்றால் ஸ்பார்ட்டாக்காரர்கள் ஐசோக்ரடீஸிடம் தோற்றுவிட்டார்கள் போலிருக்கிறதே, மெஸ்ஸீனியாவைப் பிடிக்க அவர்களுக்கு 30 வருஷம், இவர் பேச்சை எழுதியது பத்தே வருஷம் என்று அந்த நூலாசிரியர் பதிலுக்கு விடுகிறார்.

சுருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் தியோக்னிஸ் என்கிற துன்பியல் நாடகக்காரர் (பழைய கவிஞர் தியோக்னிஸ் வேறு ஆள்). அவருக்குப் பட்டப்பெயரே "பனி". திரேஸில் ஆறெல்லாம் உறைந்துபோனது எப்போது தெரியுமா, இங்கே தியோக்னிஸின் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது என்று கி.மு. 425-இல் வந்த அரிஸ்டோஃபனீஸின் 'அக்கார்னியர்கள்' நாடகத்தில் ஒரு ஜோக்.

இலக்கணம் தப்பா பேசறவனையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா?

சொலொய்க்கோஸ். சிலிசியாவில், இன்றைய துருக்கியின் தென்கரையில், சோலோய் என்று ஓர் ஊர். அங்கே போய்க் குடியேறினவர்களின் கிரேக்கம் கெட்டுப்போயிற்று, அதிலிருந்து வந்த வார்த்தை என்றுதான் பழங்காலத்திலேயே விளக்கம் சொன்னார்கள். பேச்சுப் பிழைக்கு வந்த வார்த்தை நடத்தைப் பிழைக்கும் பரவியது. மேலே அரிஸ்டாட்டில் பணக்காரர்களைத் திட்டிய வரியில் சலாக்கோனுக்குப் பக்கத்திலேயே இதுவும் நிற்கிறது.

தியேட்டரில் ஏப்பம் விடறவன், சாப்பிடும்போது அசிங்கம் பேசறவன் – இவங்களும் அக்ரொய்கோஸா?

இல்லை. ஏப்பக்காரன் ப்தெலூரோஸ், அருவருப்பானவன். எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு தட்டுவான், எல்லோரும் ரசிக்கும் நடிகனைப் பார்த்துச் சீட்டியடிப்பான், அரங்கம் அமைதியானதும் தலையை நிமிர்த்தி ஏப்பம் விட்டு எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைப்பான். அவன் வேண்டுமென்றேதான் செய்கிறான். விருந்தில் உட்கார்ந்து, பேதி மருந்து குடித்தேன், வெளியே வந்த பித்தம் இதோ இந்தக் குழம்பைவிடக் கறுப்பு என்று சொல்கிறவன் ஆஎதேஸ், சகிக்க முடியாதவன். காதலிக்குக் காய்ச்சல் அடிக்கும்போது போய்ப் பாட்டுப் பாடுகிறவனும், கல்யாண வீட்டில் பெண் குலத்தைத் திட்டுகிறவனும் அக்காய்ரோஸ், நேரங்கெட்டவன். மூவரும் தியோஃபிராஸ்டஸின் ஆட்கள்தான்.

அரசியலில் இதை யார்மேல் போட்டாங்க?

கிளியோன்மேல். தோல் தொழிலில் பணம் சேர்த்த குடும்பம், பெரும் தலைவர் பெரிக்ளீஸுக்குப் பின் ஏதென்ஸில் செல்வாக்குப் பெற்றவர். மேடையில் முதன்முதலில் கத்தியவர், வசை பேசியவர், மேலாடையை வரிந்து கட்டிக்கொண்டு பேசியவர் அவர்தான் என்று 'ஏதெனியர்களின் அரசமைப்பு' நூல் சொல்கிறது. முந்தைய தலைவர்கள் கையை மேலாடைக்குள் வைத்தபடியே பேசுவார்களாம். பிற்காலத்தில் அய்ஸ்கினீஸ் என்ற பேச்சாளர் இதற்குச் சாட்சியாக, ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த பழைய தலைவர் சோலோனுக்கு சலாமிஸில் இருந்த சிலையைக் காட்டினார், பாருங்கள், கை உள்ளே இருக்கிறது என்று. அவருடைய எதிரிப் பேச்சாளர் டெமோஸ்தனீஸ் திருப்பிக் கேட்டார்: அந்தச் சிலை வைத்து ஐம்பது வருஷம்கூட ஆகவில்லை, சோலோன் எப்படி நின்றார் என்று அதற்கு எப்படித் தெரியும்?

கி.மு. 424-இல் அரிஸ்டோஃபனீஸின் 'குதிரைவீரர்கள்' நாடகத்தில் கிளியோனை வீழ்த்த ஒரு தொத்திறைச்சி வியாபாரியைப் பிடித்து வருகிறார்கள். எனக்குப் படிப்பு கிடையாதே, எழுத்து மட்டும் கொஞ்சம், அதுவும் தப்பும் தவறுமாக என்கிறான் அவன். அந்தக் கொஞ்சம் தெரிந்ததுதான் உன்னிடம் குறை, மக்கள் தலைமை இப்போது மூசிக்கே படித்தவனுக்கோ நல்ல குணத்தவனுக்கோ உரியது இல்லை, அறிவிலிக்கும் ப்தெலூரோஸுக்கும்தான் என்று தேற்றுகிறார்கள்.

இதில் எந்த வார்த்தையாவது இன்னும் உயிரோட இருக்கா?

சில இருக்கின்றன. ஜெர்மனில் பனௌஸெ என்றால் கலை ரசனை இல்லாதவன், தினசரிப் பேச்சிலேயே வரும். இன்றைய கிரேக்கத்தில் அதே வார்த்தை முரட்டுத்தனமான, கொடூரமான என்று மாறிவிட்டது, போலீஸ் அடிதடியைப் பற்றிய செய்தியில் பார்க்கலாம். அக்ரொய்கோஸ் அங்கே இன்னும் நாகரிகம் தெரியாதவன்தான். சோலோய் ஊரின் பெயர் பல ஐரோப்பிய மொழிகளில் இலக்கணப் பிழையாக மாட்டிக்கொண்டு நிற்கிறது. அப்பெய்ரோக்கலியா மட்டும் படிப்பாளிகளைத் தாண்டி வெளியே வரவில்லை. ரொம்பத் தேவைப்படுகிற வார்த்தை, யாராவது எடுத்துப் பயன்படுத்தலாம்.